மூன்றாம் ஓலை

அத்தியாயம் 11

"உங்க வீட்டுலயே ரிசல்ட் வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டீங்களே, மேடம்?"

நேற்று மத்தியானம் போனில் டாக்டர் கஸ்தூரி கேட்ட கேள்வி, ஞாயிற்றுக்கிழமை விடிந்த பிறகும் ஐலீனின் காதைவிட்டுப் போகவில்லை. வேண்டாம் என்று யார் எழுதியது? பெற்ற பெண்ணின் தோல் ஏன் இப்படிச் செதில் செதிலாகக் காய்ந்து உரிகிறது என்று தெரிந்துகொள்ள எட்டு வருஷமாகத் தவம் கிடப்பவள் அவள். அவளா வேண்டாம் என்பாள்?

அபிகெயில் பிறந்தபோது உடம்பு முழுக்கக் கண்ணாடித்தாள் சுற்றியதுபோல ஒரு சவ்வு இருந்தது. அது கழன்றதும் செதில் வந்தது. குழந்தைக்கு வியர்க்காது. அவர்கள் ஊரான குளுவாங்கின் வெயிலில் பத்து நிமிஷம் நின்றால் உடம்பு கொதிக்கும். தினமும் நான்கு தரம் களிம்பு, பையில் எப்போதும் ஈரத்துண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பரம்பரைத் தோல் நோய்களை ஆராயும் ஒரு குழு ஊருக்கு வந்தது. அபி, ஐலீன், அவள் கணவன் கேப்ரியல் என்று மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு பேச்சு மூச்சில்லை. "ஒன்னும் கண்டுபிடிக்க முடியலையாம்" என்று மாமனார் சூசைநாதன் ஒரு நாள் சொன்னார். தோட்டத்தில் முப்பது வருஷம் கிராணியாகக் கணக்கு எழுதியவர், இப்போது தேவாலயப் பங்குப் பேரவைத் தலைவர். அவர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. ஐலீனும் நம்பிவிட்டாள்.

இன்றைக்கு வீட்டில் வேறு விசேஷம். ஐலீனின் தங்கை மிஷேலுக்கும், கேப்ரியலின் தம்பி அட்ரியனுக்கும் இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம். அக்காவைக் கட்டிய வீட்டிலேயே தங்கையையும் கொடுப்பது என்று பேசி முடித்தவர் மாமாதான். அப்பா அம்மா போன பிறகு மிஷேலை வளர்த்த ஐலீனுக்கும் இதில் மகிழ்ச்சி. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஜோடியின் பெயரை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பார்களே, அந்த ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது. இன்றைக்கு மூன்றாவது. வாசிக்கப்போவதும் மாமாவே.

காலை ஆறேமுக்காலுக்கு அபியின் முதுகில் களிம்பு பூசிக்கொண்டிருந்தபோது போன் இரண்டு தரம் ஒலித்தது. அந்த ஆராய்ச்சிக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த கஸ்தூரி, நேற்று சொன்னபடியே இரண்டு காகிதங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குரல் பதிவு. ஐலீன் களிம்புக் கையைத் துணியில் துடைத்துவிட்டு அதைக் கேட்டாள்.

"லெட்டர் மலாய்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கு, அதனால நானே சொல்றேன் மேடம். இந்த ஜீன் எல்லார்கிட்டயும் ரெண்டு காப்பி இருக்கும். ஒன்னு அப்பா கொடுத்தது, ஒன்னு அம்மா கொடுத்தது. ஒன்னு கெட்டிருந்தாலும் இன்னொன்னு சமாளிச்சுக்கும், ஆளுக்கு ஒன்னும் தெரியாது. ரெண்டும் கெட்டிருந்தாத்தான் அபி மாதிரி. கெட்ட காப்பி உங்ககிட்ட ஒன்னு இருக்கு, உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒன்னு இருக்கு. அபிக்கு ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்திருக்கு. யார் மேலயும் தப்பில்ல. ஆனா உங்க கூடப் பொறந்தவங்க, அவரு கூடப் பொறந்தவங்க பிள்ளை பெத்துக்கிறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எடுத்துக்கிட்டா நல்லதுன்னு பதினாலு மாசத்துக்கு முன்னாடியே எழுதியிருந்தோம்."

பதினான்கு மாதம். ஐலீன் இன்னொரு தரம் கேட்டாள். ரெண்டு பக்கத்துலேர்ந்தும்.

இரண்டாவது காகிதம் ஒரு படிவம். முடிவு விவரம் எங்கள் குடும்பத்துக்கு வேண்டாம், இனி யாரும் தொடர்பு கொள்ள வேண்டாம் என்று அதில் எழுதி, கீழே கேப்ரியல் கையெழுத்துப் போட்டிருந்தான். சாட்சி, சூசைநாதன். கிராணிக் கையெழுத்து, முத்து முத்தாக இருந்தது.

குரல் பதிவின் கடைசியில் கஸ்தூரி தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். இந்த ஜீன் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு புதுக் களிம்பைப் பூசிப் பார்க்கும் ஆய்வு போன வருஷம் ஆரம்பித்ததாம். குடும்பமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததால் அபியின் பெயரைச் சேர்க்கவில்லையாம்.

ஐலீனுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. "நானும்தானே ரத்தம் கொடுத்தேன் டாக்டர்? என்னை ஒரு வார்த்தை ஏன் கேக்கல?" என்று எழுதி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. "கேக்காதது எங்க தப்புதான் மேடம். ஃபைல்ல உங்க கையெழுத்து இல்லாததை நான் சேர்ந்த பிறகுதான் கவனிச்சேன். மன்னிச்சிருங்க."

மன்னிப்பாவது ஒருத்தர் கேட்டாரே என்று நினைத்துக்கொண்டு, அபிக்கு கவுனை மாட்டிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

கேப்ரியல் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாரம் முழுக்க தெப்ராவ் ஊரில் தொழிற்சாலை வேலை, சனிக்கிழமை வீடு, ஞாயிற்றுக்கிழமை காலை கார். இதுதான் அவன் உலகம். அவன் முகத்துக்கு நேராகப் போனை நீட்டினாள்.

"இது உங்க கையெழுத்தா?"

அவன் பார்த்தான். ஈரத்துணி கையிலேயே நின்றது.

"யாரு கொடுத்தா?"

"யாரு கொடுத்தான்னு நான் கேக்கல. உங்க கையெழுத்தான்னு கேட்டேன்."

"அப்பாதான் போடச் சொன்னாரு, ஐலீன். அவருக்கு அந்த லெட்டர் வந்தப்பவே மனசு சரியில்ல…"

"லெட்டரை நீங்க படிச்சீங்களா?"

"ம்."

"உங்ககிட்டயும் ஒன்னு இருக்குன்னு அப்பவே தெரியும்?"

கேப்ரியல் கார்க் கதவைப் பார்த்தான். கார்க் கதவு அவனுக்கு என்ன பதிலை எடுத்துக் கொடுக்கும், பாவம்.

"போன ஈஸ்டருக்கு உங்க அத்தை வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள் ஐலீன். "'மாசமா இருக்கறப்ப எஸ்டேட்ல பாம்புச் சட்டையை மிதிச்சிருப்பா, அவ வழியில வந்த சாபம் பிள்ளைக்கு'ன்னு இருபது பேர் முன்னால சொன்னாங்க. நீங்க எதிர்ல உக்காந்து கறி சாப்டுக்கிட்டு இருந்தீங்க. தெரிஞ்சிருந்தும் சாப்டீங்க!"

"சண்டை வேணாம்னு பார்த்தேன் லா."

சண்டை வேண்டாமாம்! அடி விழுவது அடுத்தவர் முதுகில் என்றால் சமாதானம் பேசுவதற்கு என்ன கஷ்டம்? எட்டு வருஷமாக அந்த முதுகு ஐலீனுடையது. பிள்ளையைத் தூக்க வந்த பெண்கள் கையைப் பின்னுக்கு இழுத்தபோதும், பள்ளிக்கூடத்தில் 'ஒட்டிக்குமா டீச்சர்' என்று யாரோ கேட்டபோதும், 'அவங்க அம்மா வழி' என்று பதில் சொன்னது இந்த வீடு. மாமா சொன்னார் என்று அவள் பதிமூன்று செவ்வாய்க்கிழமை பட்டினி கிடந்து அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். கேப்ரியலை ஒரு செவ்வாய்க்கிழமையாவது ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொன்னவர் உண்டா?

"மிஷேலுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"அட்ரியனுக்கு?"

"அதை அப்பாகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டு, அவன் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

சூசைநாதன் ஹாலில் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையுமாக உட்கார்ந்து, வாசிக்க வேண்டிய காகிதத்தை வாய்க்குள் முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தார். ஐலீன் போனை மேஜையில் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். முகத்தில் ஒரு சின்னச் சலனம்கூட இல்லை.

"ஏன் மாமா மறைச்சீங்க?"

"மறைக்கலம்மா. காப்பாத்துனேன்."

"யாரை?"

"உன்னைத்தான்" என்றார் அவர், சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்கிற பொறுமையோடு. "அட்ரியனுக்கு மிஷேலைப் பேசலாம்னு அப்பவே என் மனசுல இருந்துச்சு. ஓலையில என்ன கேக்குறோம்? தடை தெரிஞ்சவங்க சாமியார்கிட்ட சொல்லணும். தெரிஞ்சும் சொல்லாம இருந்தா பாவம். அந்த லெட்டரை நீ படிச்சிருந்தா, சொல்லியே ஆகணும். சொன்னா கல்யாணம் நிக்கும், சொல்லலன்னா பாவம் உன் தலையில. தெரியாதவங்களுக்கு ஏதும்மா பாவம்? அதனாலதான் உன்கிட்ட கொண்டுவரல. அந்தப் பாரத்தை நானே சுமந்துக்கிட்டேன்."

மனிதர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே இப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறார்! மருமகளுக்கு மோட்சம் கிடைக்க வேண்டும் என்று மருமகளின் கண்ணைக் கட்டியிருக்கிறார். இதற்கு அவள் கையெடுத்துக் கும்பிட வேறு வேண்டுமாம்.

"மிஷேலுக்கு நாளைக்கு ஒரு பிள்ளை இந்த மாதிரி பொறந்தா?"

"பிள்ளை பொறக்கறது ஆண்டவர் சித்தம்."

"அப்ப அபி பொறந்ததும் அவர் சித்தம்தானே மாமா? அதுக்கு மட்டும் நான் ஏன் பதிமூணு செவ்வாய் பட்டினி கிடந்தேன்?"

சூசைநாதன் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பூசைக்கு நேரமாச்சு. கோயில் நாள்ல குரலை உசத்தாதே" என்று எழுந்துவிட்டார்.

அப்போதுதான் ஐலீன் கவனித்தாள். அறை வாசலில் அபி ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் காலுறையுமாக நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ! ஐலீன் குனிந்து மற்ற சப்பாத்தை மாட்டிவிட்டாள்.

கோயில் வளாகத்தில், பக்கத்து ஊரான ஆயர் ஈத்தாமிலிருந்து மிஷேல் முன்னதாகவே வந்து நின்றிருந்தாள். மூன்றாம் ஓலைக்கென்று புதுச் சேலை. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் ஐலீனுக்குச் சொல்லவேண்டாம் போல ஒரு நிமிஷம் தோன்றியது. மறு நிமிஷமே அந்த நினைப்பின் மீதே கோபம் வந்தது. இப்படித்தானே ஆளாளுக்கு இரக்கப்பட்டு வாயை மூடியிருக்கிறார்கள்! நாகலிங்க மரத்தடிக்கு அழைத்துப் போய்ப் போனைக் கையில் கொடுத்தாள்.

மிஷேல் குரல் பதிவை இரண்டு தரம் கேட்டாள்.

"எனக்கும் இருக்குமாக்கா?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அட்ரியனுக்கும் அப்படித்தான். ரெண்டு பேருக்கும் இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு. டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிரும், கொஞ்ச வாரத்துல. ஒரு வருஷத்துக்கு முன்னாடியே எடுத்திருக்கலாம்டி."

மிஷேலின் மூக்கு நுனி சிவந்தது. அழப்போகிறாள் என்று நினைத்த ஐலீனுக்கு, தங்கையை இன்னும் சரியாகத் தெரியவில்லை.

"அபி மாதிரி ஒரு பிள்ளை வந்தா நான் வளர்த்துக்குவேன்கா. அவளுக்கு முதல் தரம் களிம்பு பூசினதே நான்தான். ஆஸ்பத்திரியில எல்லாரும் தள்ளி நின்னப்ப யாரு தூக்குனா? எனக்கு அது பயமில்ல. ஆனா என் வயித்துல பொறக்கப்போற பிள்ளையைப் பத்தி எனக்குத் தெரியாம இவங்க பேசி முடிச்சாங்களா? இவங்க யாரு?"

இரண்டு பேருமாகப் பங்குத்தந்தையின் அறைக்குப் போனார்கள். ஃபாதர் டாரில் இளைஞர், ஜொகூர் பாருவிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அறையில் அட்ரியனும் இருந்தான். பாடற்குழுவில் கீபோர்டு வாசிப்பவன், பாட்டுப் பட்டியலை எடுக்க வந்திருந்தான். ஓலைக் காகிதத்தில் ஒப்பம் வாங்க மாமாவும் வந்து நின்றார்.

ஐலீன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். ஃபாதர் நடுவில் பேசாமல் கேட்டார். கடைசியில் சூசைநாதன் பக்கம் திரும்பினார்.

"அங்கிள், இது தடைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"பரம்பரை நோய், ஃபாதர். ரத்தத்துல இருக்கு…"

"ரத்தத்துல இருந்தா? திருச்சபைச் சட்டத்துல இது தடையே இல்லையே. ரெண்டு பேரும் தெரிஞ்சுகிட்டு, பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். அவ்வளவுதான். தெரிஞ்சே கட்டிக்கிட்டாலும் நான் மந்திரிச்சுக் கல்யாணத்தை நடத்தி வைப்பேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அங்கிள்?"

பதினான்கு மாதமாகச் சூசைநாதன் சுமந்த பாவ மூட்டைக்குள் பாவமே இல்லை. இருந்ததெல்லாம் ஒரு பொய். அதுவும் யாருக்கும் தேவைப்படாத பொய். ஐலீனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு தரம், ஒரே ஒரு தரம் இந்த மனிதர் வாயைத் திறந்து கேட்டிருந்தால் அபி இந்நேரம் அந்தக் களிம்பு ஆய்வில் இருந்திருப்பாள்.

மிஷேல் அட்ரியனைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

அட்ரியன் பாட்டுப் பட்டியலைச் சுருட்டினான், விரித்தான். வெளியே மணி அடித்தது.

"பூசை முடியட்டும் மிஷ். பேசலாம்."

"தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தை."

"இப்ப பாட்டு ஆரம்பிக்கணும்" என்று அவன் நழுவிவிட்டான்.

"நீங்க சொன்னா இன்னிக்கு ஓலையை நிறுத்தி வைக்கிறேன்மா" என்றார் ஃபாதர்.

மிஷேல் தலையை ஆட்டினாள். "இல்ல ஃபாதர், வாசிக்கட்டும். அது முடியறதுக்குள்ள அவன் எனக்குப் பதில் சொல்லணும். சொல்லலன்னா எனக்கு அதுவே பதில்."

பூசையில் என்ன நடந்தது, பிரசங்கத்தில் ஃபாதர் என்ன சொன்னார் என்று கேட்டால் ஐலீனால் சொல்ல முடியாது. பக்கவாட்டுக் கதவருகே, மின்விசிறிக்கு நேர்கீழே, எப்போதும் உட்காரும் இடத்தில் அபியோடு உட்கார்ந்திருந்தாள். கேப்ரியல் பெஞ்சின் மறுகோடியில் இருந்தான். ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் அவன் கையை நீட்டினான். அவள் அபியின் கழுத்தில் ஈரத்துண்டை மாற்றிப் போடுவதில் மும்முரமாக இருந்தாள்.

நற்கருணை அப்பமான நன்மை கொடுத்து முடிந்தது. சூசைநாதன் மைக் முன்னால் வந்தார். பங்குச் செய்திகளை ஒவ்வொன்றாக வாசித்தார். குரல் வழக்கம்போலக் கணீரென்று இல்லை.

"நமது பங்கைச் சேர்ந்த சூசைநாதன், காலஞ்சென்ற ஃபிலோமினா ஆகியோரின் மகன் அட்ரியனுக்கும், காலஞ்சென்ற சவரிமுத்து, காலஞ்சென்ற எலிசபெத் ஆகியோரின் மகள் மிஷேலுக்கும் திருமணம் நடைபெற இருக்கிறது. இது மூன்றாம் ஓலை. இத்திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள்…"

அந்த இடத்தில் அவருக்கு நாக்கு புரளவில்லை. கோயில் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில்தான் அபி கேட்டாள். கிசுகிசுவென்று கேட்பதாகத்தான் பிள்ளை நினைத்திருப்பாள். ஆனால் முன்வரிசை வரைக்கும் கேட்டது.

"அம்மா, தாத்தா சொல்ற தடை நானா?"

முன்னால் இருந்த தலைகள் திரும்பின. 'ஷ்' என்று யாரோ அதட்டினார்கள். பிள்ளையை அணைத்து, இல்லைடா கண்ணு என்று காதில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். எட்டு வருஷமாக அதைத்தானே செய்தாள். இன்றைக்கு ஐலீன் எழுந்து நின்றாள்.

"மாமா" என்றாள். மைக் இல்லாமலே அவள் குரல் பலிபீடம் வரைக்கும் போயிற்று. "பிள்ளை கேக்குறா. பதில் சொல்லுங்க."

சூசைநாதன் காகிதத்தைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். ஃபாதர் டாரில் எழுந்திருக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார்.

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பாடற்குழுவில் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து அட்ரியன் எழுந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"இல்ல அபி, நீ இல்ல" என்றான். "சித்தப்பாதான்மா. எனக்கும் தெரியும். அந்த லெட்டரை அப்பா எனக்குத்தான் முதல்ல காட்டினாரு."

முதலில்! ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேஜையில், ஐலீன் கையால் சாப்பிட்ட மூன்று ஆண்களுக்கும் பதினான்கு மாதமாகத் தெரிந்திருக்கிறது. பிள்ளையைப் பெற்றவளுக்கும் தெரியாது, பெறப்போகிறவளுக்கும் தெரியாது.

மிஷேல் முன்வரிசையிலிருந்து எழுந்தாள். அட்ரியன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அத்தனை பேர் பார்க்க நடுப்பாதையில் நடந்துவந்து, அக்காவின் பெஞ்சில் உட்கார்ந்து, அபியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். களிம்பு புதுச் சேலையில் அப்பியது.

"தாத்தா இன்னும் முடிக்கலையே சித்தி?" என்றாள் அபி.

"முடிக்க மாட்டாருடி" என்றாள் மிஷேல்.